தலைகீழ்ச் சிலுவை

கடத்தூர்
14-7-2025

அன்புள்ள பாப்பா சோபனாவுக்கு,

அண்ணன் மாதவராஜ் எழுதுவது. நாகர்கோவிலில் நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? இங்கே நான், உன் அண்ணி நிர்மலா, மாடு, கன்று எல்லோரும் சுகம். தமிழ்ச்செல்வனைத்தான் அந்த வரிசையில் சேர்க்க முடியவில்லை.

போனில் பேசினால் நான் கத்துகிறேன், எழுதி அனுப்புங்கள் என்று நீ சொன்னது சரிதான். அதோடு என் போனைச் செட் பண்ணிக் கொடுத்ததே அவன்தான். என் வாட்ஸ்அப் அவன் லேப்டாப்பிலும் ஓடுகிறதாம். பத்தாம் வகுப்புக்குப் பிறகு இவ்வளவு நீளமாக இப்போதுதான் எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரிக்காதே.

பையன் பிளஸ் டூ. நகத்துக்குக் கறுப்புச் சாயம், சட்டை கறுப்பு, போன் உறை கறுப்பு. கரண்டு இருக்கும்போதே கதவைச் சாத்திக்கொண்டு மெழுகுவத்தி ஏற்றுகிறான். போன மாதம் கழுத்தில் ஒரு சங்கிலி, அதில் சிலுவை. சரி, கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிட்டான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவன் வகுப்பில்தான் காலனி சர்ச் உபதேசியார் ராஜப்பன் மகள் சுசித்ரா படிக்கிறாள். வேறென்ன சாட்சி வேண்டும்? நேற்று அந்தச் சங்கிலியை அவன் கழுத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு, ஞாயிறு ஆராதனை முடிந்து ஜனம் வெளியே வரும் நேரம் பார்த்துப் போனேன். உபதேசியார் முகத்துக்கு நேரே அதை ஆட்டி, நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்தேன்.

அந்த மனுஷன் சங்கிலியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எங்க சிலுவை இல்லைங்க. இது தலகீழா இருக்குதுங்க" என்றார். தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறார் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கத்தினேன்.

நேற்றிலிருந்து பையன் என்னிடம் பேசுவதில்லை. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் ஆலோசனை சொல்லுவதுதானே உன் வேலை. சொந்த மருமகனுக்கு ஒரு வழி சொல்.

உன் பதிலுக்குத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அண்ணன் மாதவராஜ்


நாகர்கோவில்
21-7-2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தில் பிழை அதிகமில்லை, கோபம்தான் அதிகம். நானும் அவரும் நலம். இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. அண்ணியின் முட்டி வலி எப்படி இருக்கிறது?

உபதேசியார் சொன்னது உண்மை. சாத்தானைக் கும்பிடுகிறோம் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் சிலுவையைத் தலைகீழாகப் போட்டுக்கொள்வார்கள். இந்தப் பக்கத்தில் சர்ச் அதிகம், அதனால் இந்தக் கோளாறும் எங்கள் மையத்துக்கு அடிக்கடி வரும். பல பிள்ளைகளுக்கு அது கறுப்புச் சட்டையோடும் சத்தமான பாட்டோடும் முடிந்துவிடும், தானே அலுத்துப்போகும். சிலர் போனில் ஏதாவது குழுவில் மாட்டிக்கொள்வார்கள். அங்கே முகம் தெரியாத ஒருவன் தலைவன் என்று உட்கார்ந்து அதைச் செய், இதைச் செய் என்று கட்டளை போடுவான். அதற்குத்தான் நான் பயப்படுகிறேன்.

சங்கிலியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். போனைப் பிடுங்காதீர்கள், பேயோட்ட எங்கும் கூட்டிப்போகாதீர்கள். "இதுல உனக்கு என்னடா புடிச்சிருக்குது?" என்று ஒருமுறை கேளுங்கள். கேட்டபின் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். உங்களுக்கு இந்தக் கடைசி வேலைதான் கஷ்டம்.

ஒன்று மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். உபதேசியாரிடம் கேட்டதாகச் சொன்ன அந்த நாலு வார்த்தை என்ன?

அண்ணிக்கும் மருமகனுக்கும் என் அன்பு.
சோபனா


கடத்தூர்
18-8-2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே ஒரு நல்ல மழை. குச்சிக்கிழங்கு, அதான் மரவள்ளி, தழைத்து நிற்கிறது. உன் அண்ணியின் முட்டி பரவாயில்லை. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

பேயோட்ட வேண்டாம் என்று எழுதியிருந்தாய். அதற்கு மேலே சாத்தான் என்று பார்த்ததுமே, மீதியைப் படிக்காமல் நான் பூசாரியிடம் போய்விட்டேன். தட்டில் எலுமிச்சம்பழம், வெற்றிலை பாக்கு எல்லாம் வைத்தேன். "என்ன பேயிங்க?" என்றார். "சாத்தானுங்க" என்றேன். கையில் எடுத்த பழத்தைக் கீழே வைத்துவிட்டார். "முனி, காட்டேரின்னா நான் பாத்துக்குவேனுங்க. சாத்தான் நம்ம டிபார்ட்மென்ட் இல்லைங்க. அது சர்ச்சுல பாக்கறது. அங்க போங்க."

சிரி, நன்றாகச் சிரி. எந்த வாசலில் போய்க் கத்தினேனோ அந்த வாசலுக்கே என்னை அனுப்பி வைத்தார்.

போனேன். வேறு வழி? உபதேசியார் நாற்காலியை எடுத்துப் போட்டு, "வாங்க, உக்காருங்க" என்றார். அவரை எப்படிக் கூப்பிடுவது என்றே எனக்குத் தெரியவில்லை. என்னைவிட மூத்தவர், ஆனால் இத்தனை காலமும் பேர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறேன், ஊர் வழக்கப்படி. விஷயத்தைச் சொன்னேன். சாத்தான் என்றதும், மகள் கொஞ்ச நாளாகக் கடிகாரத்தைக் கழற்றுவதே இல்லை என்பது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. சுசித்ராவைக் கூப்பிட்டுக் கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார். பட்டைக்குக் கீழே பேனாவால் அதே தலைகீழ்ச் சிலுவை. இரண்டு பிள்ளைகளும் ஒரே குழுவில் இருக்கிறார்கள்.

பாப்பா, அந்த மனுஷன் அப்படியே தரையில் முழங்கால் போட்டுவிட்டார். எனக்கு அது கறுப்புச் சாயம். அவருக்குச் சாத்தான் என்றால் நிஜமாகவே வந்து நிற்கிற ஆள். அவர் மனைவி தங்கம்மாள், நர்சு, அவர்தான் நிதானமாக இருந்தார். "ஜெபம் அப்புறம் பண்ணுங்க. மொதல்ல புள்ள சாப்பிடட்டும்" என்றார். கிளம்பும்போது உபதேசியார் என் பின்னாலேயே வந்து, "வெளிய சொல்லிப்புடாதீங்க, சபையில தெரிஞ்சா என் வேலயே போயிரும்" என்றார். உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். நான் முன்பு கத்தியதைப் பற்றி அவர் ஒரு சொல் எடுக்கவில்லை.

சங்கிலியைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான், பேசவில்லை. நீ கேட்டதற்கு, கோபத்தில் என்னவோ சொன்னேன். அதெல்லாம் இப்போது எதற்கு?

அண்ணன் மாதவராஜ்


நாகர்கோவில்
27-8-2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் நலமென்று நம்புகிறேன். பூசாரி கதையை இவரிடம் சொன்னேன். சாப்பிட்ட சோறு புரையேறிவிட்டது. அந்தப் பூசாரிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். பல பெரிய இடங்களில் கூட, இது எனக்குத் தெரியாது என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

உபதேசியாரிடம் நேற்றுப் போனில் பேசினேன். மகளை உபவாச ஜெபத்துக்கு உட்கார வைக்கப்போவதாகச் சொன்னார். இப்போது வேண்டாம், அவள் தன்னைக் குற்றவாளி என்று நினைத்துக்கொள்வாள் என்றேன். நீங்கள் இதை ஒன்றுமில்லை என்று தள்ளுகிறீர்கள், அவர் இதுதான் எல்லாம் என்று நடுங்குகிறார். இரண்டு பேரும் வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். அவர் பயத்தில் கொஞ்சத்தை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் அலட்சியத்தில் கொஞ்சத்தை அவருக்குக் கொடுங்கள்.

சனிக்கிழமைகளில் செல்வனோடும் சுசித்ராவோடும் தனித்தனியாகப் போனில் பேசுகிறேன். இரண்டு பேரும் வாய் திறக்க இன்னும் நாளாகும். வெயிலிலும் முழுக்கைச் சட்டை போடுகிறானா என்று அண்ணியைப் பார்க்கச் சொல்லுங்கள். போட்டால் உடனே எனக்குத் தெரிய வேண்டும்.

என்னவோ சொன்னேன் என்று எழுதினால் அது பதிலா, அண்ணா?

அன்புடன்,
சோபனா


கடத்தூர்
22-9-2025

பாப்பா,

சுகம் விசாரிக்கக்கூடக் கை ஓடவில்லை. போனில் அழுதுகொண்டே பாதிதான் சொன்னேன், மீதியை எழுதுகிறேன். உயிருக்கு ஒன்றும் இல்லை.

நீ சொன்ன முழுக்கைச் சட்டையை நாங்கள் கவனிக்கவில்லை. கவனித்தது சுசித்ரா. குழுவில் ஒரு கோழிக்குஞ்சைக் கொன்று வீடியோ அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். நம் பையன் கோயிலில் ஆடு வெட்டினாலே கண்ணை மூடிக்கொள்கிறவன். முடியாது என்றிருக்கிறான். அப்படியானால் உன் ரத்தத்தைக் காட்டு என்றிருக்கிறார்கள். அவளுக்கும் அதே உத்தரவு. அவள் பயந்துபோய் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். செல்வனும் செய்யப்போகிறான் என்று சொன்னதும் அவள்தானாம்.

தங்கம்மாள் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். வரலாமா என்று கேட்கவில்லை, நேரே உள்ளே ஓடி அவன் அறைக் கதவைத் தட்டினார். கையில் ஏற்கெனவே காயம். கழுவி, மருந்து வைத்து, கட்டி, "சின்னக் காயந்தானுங்க, பயப்படாதீங்க" என்று எங்களுக்குச் சொன்னார். அவனை ஒரு கேள்வி கேட்கவில்லை. தலையைத் தடவிவிட்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நானாக இருந்தால் அறைந்திருப்பேன். அந்த அம்மாவுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்? அவர் போனபின் கிணற்று மேட்டில் போய் நின்று அழுதேன்.

எனக்கு இருப்பது ஒரே பையன். அவன் திரும்பி வந்தால் போதும். இல்லையென்றால் இந்தக் காடு கழனி, கிணறு எல்லாம் எனக்கு எதற்கு? நீ வா.

மாதவராஜ்


நாகர்கோவில்
10-11-2025

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

தீபாவளிக்கு வந்து உங்களோடு இருந்ததில் எனக்கும் தெம்பு. அண்ணி கொடுத்தனுப்பிய முறுக்கு ரயிலிலேயே பாதி தீர்ந்துவிட்டது. செல்வன் காயம் ஆறியிருக்கும். சைபர் கிரைமில் நாம் கொடுத்த புகாரில் அந்தத் தலைவனின் கணக்கை முடக்கிவிட்டார்கள். ஆனால் அதே ஆட்கள் வேறு பேரில் மறுபடி குழு ஆரம்பித்துவிட்டார்கள், செல்வன் அதிலும் இருக்கிறான். சுசித்ரா வெளியே வந்துவிட்டாள்.

உங்களிடம் நேரில் சொல்லாமல் வந்ததை இப்போது எழுதுகிறேன். செல்வன் சொல்லலாம் என்று அனுமதித்ததை மட்டும்.

அவனும் சுசித்ராவும் எட்டாம் வகுப்பிலிருந்து நண்பர்கள். காதலா என்று நானும் கேட்டேன், இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். போன வருடம் ஒருநாள் அவள் ரெக்கார்டு நோட்டு வாங்க உங்கள் வீட்டுக்கு வந்தாள். அண்ணி வாசல் கேட் அருகிலேயே நிறுத்தி பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் கொடுத்தார்கள். பாட்டிலைத் திருப்பித் தர வேண்டாம், வைத்துக்கொள் என்றார்கள். அதன் அர்த்தம் இரண்டு பிள்ளைகளுக்கும் தெரியும். அதே மாதம் சர்ச்சில் வாலிபர் கூட்டத்தில், விக்கிரகம் கும்பிடுகிறவர்களோடு சிநேகம் வேண்டாம் என்று அவளுக்குப் புத்தி சொல்லியிருக்கிறார்கள்.

"எங்க சாமியும் சேக்கல, அவங்க சாமியும் சேக்கல. அங்க ஒருத்தருக்கும் ஊரு பேரு கெடையாதுங்க அத்தை. யாரும் நீ எந்தத் தெருன்னு கேக்கல" என்றான். அந்த இடம்தான் கடைசியில் ரத்தம் கேட்டது. அது தப்பு என்று அவனுக்கும் தெரிகிறது. ஆனால் வெளியே வந்தால் எங்கே போவது என்கிறான்.

அண்ணா, அந்த நாலு வார்த்தையை இனி கேட்க மாட்டேன். அது ஒரே வார்த்தை. உங்கள் பின்னாலேயே சைக்கிளில் வந்து சர்ச் வாசலில் நின்று அவன் கேட்டிருக்கிறான்.

உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. எழுதுங்கள்.
சோபனா


கடத்தூர்
19-1-2026

அன்புள்ள பாப்பாவுக்கு,

பொங்கல் நல்லபடியாக ஆயிற்றா? நீ அனுப்பிய புடவை அண்ணிக்குப் பிடித்திருக்கிறது. இத்தனை நாள் பதில் போடவில்லை. எழுதினேன், கிழித்தேன். போனிலும் சாமந்தி விலையைப் பற்றியே பேசி உன்னை ஏமாற்றினேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன் அண்ணி சமையலறையில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். "அந்தத் தெருவுல இருந்து யாரு வந்தாலும் அப்பிடித்தான குடுக்கறோம், நான் யோசிக்கவே இல்லைங்க" என்றாள். நானும் யோசிக்கவில்லை.

பொங்கலுக்கு முன்னால் உபதேசியார் வீட்டுக்குப் போய், அன்றைக்குச் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டேன். "அதெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேனுங்க" என்று காப்பி கொடுத்தார். பாரம் இறங்கியது போல வந்து பையனிடம் சொன்னேன். மாதக்கணக்கில் பேசாதவன் அப்போது பேசினான். "ஊரே கேக்க சொன்னீங்க. மன்னிப்ப மட்டும் வூட்டுக்குள்ள போயி கேட்டுட்டு வர்றீங்க."

கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை.

அவன் சொல்வது நியாயம்தான், அதுதான் கஷ்டம். அடுத்த மாதம் மாசித் திருவிழா. கரகம் நான்தான் எடுக்க வேண்டும், அப்பாவுக்குப் பிறகு வருடாவருடம் நான்தான் எடுக்கிறேன். காலனி சர்ச் வாசலில் போய் நின்று மன்னிப்புக் கேட்டால் பங்காளிகள் என்னைச் சும்மா விடுவார்களா? நான் என்ன செய்யட்டும், நீயே சொல்.

அண்ணன் மாதவராஜ்


நாகர்கோவில்
26-1-2026

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். பொங்கலுக்கு நீங்கள் அனுப்பிய அவரைக்காயை இன்றுதான் தீர்த்தோம்.

என்னிடம் வரும் அப்பா அம்மாக்கள் கடைசியில் இதைத்தான் கேட்பார்கள், என்ன செய்யட்டும், சொல்லுங்கள் என்று. நான் சொல்வதில்லை. உங்களுக்கும் சொல்ல மாட்டேன். சொல்லிச் செய்தால் அவன் கண்டுபிடித்துவிடுவான்.

அவன் உங்களோடு பேசிவிட்டான், அண்ணா. திட்டித்தான் பேசினான், ஆனாலும் பேசினான். எனக்கு அதைப் படித்ததும் அழுகை வந்துவிட்டது. நீங்கள் என்ன முடிவு செய்தாலும் நான் உங்கள் பக்கம்தான்.

சோபனா


கடத்தூர்
9-2-2026

கர்த்தருக்குள் அன்பான சகோதரி சோபனா அவர்களுக்கு,

உபதேசியார் ராஜப்பன் எழுதும் நன்றிக் கடிதம். தாங்களும் தங்கள் கணவரும் ஆண்டவர் கிருபையால் சுகமாயிருக்க வேண்டுகிறேன். தங்கம்மாளும் மகளும் தங்களை விசாரித்தார்கள். சுசித்ரா இப்போது நன்றாகத் தூங்குகிறாள்.

நேற்று நடந்ததைத் தங்கள் அண்ணன் சரியாக எழுத மாட்டார், அதனால் நான் எழுதுகிறேன். ஆராதனை முடிந்து சபையார் வெளியே வரும்போது அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். எதிர்க் கடையில் அவருடைய பங்காளிகள் சிலர் டீ குடித்துக்கொண்டு பார்த்தார்கள். திரும்பவும் என்னவோ என்று எனக்குப் பயம்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "போன ஆனி மாசம் இதே எடத்துல நின்னு ராஜப்பன் ஐயாவ ஒரு வார்த்த சொன்னேன். அது தப்பு. யாருக்கும் சொல்லக் கூடாத வார்த்த. அன்னிக்கு எல்லாருங் கேட்டீங்க, இதயும் கேட்டுக்கங்க." மன்னிப்பையும் அவர் கத்தித்தான் கேட்டார். எங்கள் சபையில் ஒரு அம்மா, "இவருக்கு மைக்கே வேணாம்" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள், அவரும் சிரித்தார். பல வருடம் பிரசங்கம் செய்தவன் நான். எனக்கு அப்போது செய்யத் தோன்றியது ஒன்றுதான். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மறந்துவிட்டேன் என்று அவரிடம் நான் முன்பு சொன்னது பொய். ஒருநாளும் மறக்கவில்லை. நேற்றுத்தான் மறக்க முடியும் என்று தோன்றியது. அந்தத் தைரியத்தில் என் மகள் விஷயத்தையும் சபையாரிடம் சொல்லிவிட்டேன். ஒருவரும் என்னைப் போகச் சொல்லவில்லை. அவரவர் பிள்ளைகளைப் பற்றி என்னிடம் தனியாக வந்து சொல்கிறார்கள். தங்கள் போன் நம்பரைச் சிலருக்குக் கொடுத்திருக்கிறேன், மன்னிக்கவும்.

தம்பி தமிழ்ச்செல்வன் தூரத்தில் சைக்கிளோடு நின்றிருந்தான். கிட்ட வரவில்லை.

ஸ்தோத்திரத்துடன்,
ராஜப்பன்


கடத்தூர்
28-3-2026

அன்புள்ள அத்தைக்கும் மாமாவுக்கும்,

தமிழ்ச்செல்வன் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், நீங்களும் அப்படித்தானே? பரீட்சை முடிந்தது. கெமிஸ்ட்ரி மட்டும் சந்தேகம். போனிலேயே சொல்லலாம், ஆனால் அப்பா எழுதியதை எல்லாம் நீங்கள் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள் என்று சொன்னீர்கள். என்னுடையதும் ஒன்று இருக்கட்டும்.

நகத்துச் சாயத்தை விடவில்லை. அது எனக்குப் பிடித்திருக்கிறது. சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

குழுவை விட்டு எப்போது வந்தேன் என்று கேட்டீர்கள். அப்பா சர்ச் வாசலில் பேசிய அன்று இல்லை. அன்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. திருவிழாவுக்கு முன்னால் பங்காளிகள் வந்து, இந்த வருடம் நீ கரகம் எடுக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னார்கள். அப்பா சண்டை போடவில்லை. திருவிழா அன்று பம்பைச் சத்தம் தெருவில் போகும்போது அவர் மாட்டுக் கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிய இடத்தையே திரும்பவும் கழுவினார். நான் போய்த் தண்ணீர் மொண்டு ஊற்றினேன். எல்லாம் உன்னாலதான்டா என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். சொன்னால் எழுந்து போய்விடலாம் என்று இருந்தேன். அவர் சொல்லவே இல்லை. "அந்த மூலையில ஊத்துடா" என்றார். ஊற்றினேன்.

அன்றுதான் வெளியே வந்தேன். போகிறவர்கள் காரணம் எழுத வேண்டும் என்பது அவர்கள் சட்டம். வூட்டுல வேலை இருக்குது என்று எழுதினேன்.

அத்தை, சாத்தான் இருக்கிறானா, நீ நம்புகிறாயா என்று நீங்கள் என்னை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. சாப்பிட்டாயா, தூங்கினாயா, யாரோடு பேசினாய் என்றுதான் கேட்டீர்கள். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது நன்றி சொல்லத் தோன்றுகிறது. சுசித்ராவும் சொல்லச் சொன்னாள்.

இன்று அவளும் அவள் அப்பா அம்மாவும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருக்கிறார்கள். லெந்து என்கிற நோன்பு நாட்களாம், கறி கூடாதாம், அப்பாவுக்கு அதில் பெரிய வருத்தம். களியும் கீரைக் கடைசலும்தான். அம்மா காலையிலிருந்து பதறிப் பதறிச் சமைத்து, கடைசியில் தங்கம்மாள் அத்தைதான் களி கிண்டி இறக்கினார்கள். இன்னும் எழுத வேண்டும் என்று நினைத்தேன். முடியாது போலிருக்கிறது. "எல்லாரும் உக்காந்தாச்சு, நீ ஒருத்தன்தான்டா பாக்கி" என்று அப்பா உள்ளேயிருந்து கத்துகிறார். போகிறேன் அத்தை.

தமிழ்ச்செல்வன்